வைத்தியர் பதில்: தேய்ந்த முழங்காலுக்கு இன்னும் வேலை கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எடை 74 கிலோ. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். மூன்று வருடங்களாக வலது முழங்கால் நோகிறது. எக்ஸ்ரே பார்த்து, மூட்டு தேய்ந்துவிட்டது என்று சொல்லி இயன் மருத்துவத்துக்கு (பிசியோதெரபி) அனுப்பினார்கள். முதல் நாள் சூடு பிடித்தார்கள். இரண்டாம் நாள் சில பயிற்சிகள் பழக்கினார்கள். அன்றிரவு நோவு கூடியதால் பிறகு நான் போகவில்லை. பார்மசியில் டைக்ளோஃபெனக் நோவு மாத்திரை வாங்கி அநேகமாகத் தினமும் போடுகிறேன். கோணேசர் கோயிலுக்கு ஏறி ஒரு வருடமாகிறது. தேய்ந்த மூட்டுக்குப் பயிற்சி கொடுத்தால் இன்னும் தேயாதா? கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் குணமாகும் என்று அயலவர்கள் சொல்வது உண்மையா?

பதில்: உங்கள் பயத்துக்குக் காரணம் 'தேய்ந்துவிட்டது' என்ற சொல். அதில் எனக்கும் பங்குண்டு. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து அதே சொல்லை நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் தங்கள் மூட்டைச் சைக்கிள் டயராக நினைத்துக்கொண்டு, மிச்சமிருப்பதைச் சேமிக்க மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மூட்டு டயர் அல்ல, அது உயிருள்ள உறுப்பு. எலும்பின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது தனக்கு வேண்டியதைப் பெறுகிறது. காலை ஊன்றும்போது அழுந்தியும் தூக்கும்போது விரிந்தும், பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல அதை எடுத்துக்கொள்கிறது. நடக்காத காலுக்கு அந்தச் சாப்பாடு குறைகிறது. இன்னொன்று, எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முழங்காலுடன் நோவில்லாமல் நடப்பவர்களும் உண்டு, படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் நொண்டுபவர்களும் உண்டு. ஒருவர் எப்படி நடக்கிறார் என்பதில் தொடையின் முன்பக்கத் தசைக்குப் பெரும் பங்கிருக்கிறது. உடம்பின் பாரத்தை மூட்டு தனியே தாங்காமல் பார்த்துக்கொள்வது அந்தத் தசைதான். நோகிறதே என்று ஓய்வெடுக்க அது மெலிகிறது. மெலிந்த தசையோடு நடக்க, நோவு இன்னும் கூடுகிறது.

ஆகவே பயிற்சியால் இன்னும் தேயாது. பயிற்சியை விட்டதுதான் உங்களுக்கு நட்டம்.

இரண்டு நாளில் நின்றுவிட்டீர்கள். இயன் மருத்துவம் என்றால் அவர்கள் நமக்குச் செய்வது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சூடு பிடிப்பது வெறும் முன்னேற்பாடு. அவர்கள் பழக்கியதை வீட்டில் நீங்கள் செய்வதே மருந்து, அதன் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு கிழமை ஆகும். இரண்டு மாதம் கழித்து எடுக்க வேண்டிய அறுவடையை இரண்டாம் நாளில் தேடினால் எப்படி?

மீண்டும் போகும்வரை இதைத் தொடங்குங்கள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். தொடை இறுக வேண்டும். ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்துங்கள். பத்துத் தடவை, காலையும் மாலையும். அது இலகுவானதும் கதிரையில் இருந்தபடி காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். மூன்றாவதுதான் முக்கியமானது: உயரமான, உறுதியான கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். முதலில் ஐந்து தடவை போதும்.

செய்யும்போது கொஞ்சம் நோகும். நோவுக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று உங்களையே கேளுங்கள். ஆசிரியைக்குப் புள்ளி போடத் தெரியாதா? நான்கு வரை பொறுக்கலாம். மறுநாள் காலையில் நோவு பழைய அளவுக்கு இறங்கியிருந்தால் அது கெடுதல் அல்ல. இறங்காவிட்டால் அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். அந்த இரவு நோவு கூடியபோது இதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஊசி போட்டால் கெதியாகத் தீருமே என்பவர்களுக்காக ஒரு செய்தி. 2020 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் உங்களுக்கு இருப்பதைப் போன்ற தேய்மான மூட்டுவாதம் முழங்காலில் உள்ள 156 பேரில் ஒரு பகுதியினருக்கு இயன் மருத்துவமும் மற்றவர்களுக்கு மூட்டுக்குள் ஸ்டீரொய்ட் ஊசியும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து நோவும் முடக்கமும் குறைவாக இருந்தது இயன் மருத்துவம் பெற்றவர்களுக்கே.

கன்னியாவுக்குத் தாராளமாகப் போங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரை அள்ளி ஊற்றினால் இறுகிய தசை தளரும், நோவு சற்று நேரம் அடங்கும். ஆனால் வெந்நீர் தசையை வளர்க்காது. அந்தத் தளர்ச்சி இருக்கும்போதே பயிற்சியைச் செய்துவிடுங்கள். வீட்டுச் சுடுதண்ணீரும் இதே வேலையைச் செய்யும், பஸ் காசும் மிச்சம். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் மட்டும் சூடு வேண்டாம்.

என்னைக் கேட்டால், கன்னியாவைவிட நல்ல தண்ணீர் உங்கள் வாசலிலேயே கிடக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால் தாங்கும் பாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளிக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அந்த ஆழத்தில் கரைக்கு இணையாகக் காலையில் பதினைந்து நிமிடம் நடவுங்கள். வாடைக் காலத்தில் கடலுக்குள் இறங்க வேண்டாம். அப்போது கரையில் நடக்கலாம், புதையும் மணலில் அல்ல, அலை நனைத்து இறுகிய மணலில்.

எடையைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும்.

மாத்திரை விடயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரத்த அழுத்தம் உள்ளவர் வைத்தியரைக் கேட்காமல் தினமும் டைக்ளோஃபெனக் போடக் கூடாது. அது அழுத்தத்தைக் கூட்டும், வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்தக் கிழமையே கிளினிக்கில் அழுத்தத்தைப் பார்த்து, சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். மேலே பூசும் மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்று அங்கேயே கேளுங்கள். கறுப்பாக மலம் போனால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகியிருந்தாலோ, இரண்டு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்கினாலோ இது வேறு வகை வாதமாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து உண்டு. காய்ச்சலோடு முழங்கால் சிவந்து வீங்கினால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கோணேசரிடம் போக ஆசை இருக்கிறதல்லவா? படியில் ஏறும்போது முதலில் இடது கால், இறங்கும்போது முதலில் நோகும் வலது கால். இறக்கம்தான் முழங்காலை அதிகம் வருத்தும், அவசரப்படாதீர்கள். கைத்தடி பிடிப்பதானால் இடது கையில்.

இன்று 30 வினாடிக்குள் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எத்தனை தடவை எழும்ப முடிகிறது என்று எண்ணி நாட்காட்டியில் குறித்துவையுங்கள். எட்டுக் கிழமை கழித்து அதே கதிரையில் மறுபடி எண்ணி, இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.