ஆச்சி வைத்த தனிப் பானை

கேள்வி: கிறிஸ்தவராக இருந்துகொண்டு அன்பு, தாழ்மை, மற்றவர்களை ஏற்றுக்கொள்வது இதையெல்லாம் நடைமுறையில் எப்படிக் காட்டுகிறீர்கள்?

காட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்ள வாய் கூசுகிறது. எங்கள் வீட்டுக்கு அதைக் காட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் கிறிஸ்தவர் இல்லை.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர். பக்கத்து வீட்டு ஆச்சி சைவம். செவ்வாய், வெள்ளி தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போவார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். தைப்பொங்கலன்று காலையில் அந்தச் சுவருக்கு மேலாக ஒரு தூக்குவாளி வந்துவிடும். உள்ளே சர்க்கரைப் பொங்கல், மேலே ஒரு துண்டு வாழையிலை, கூடவே ஒரு முழக் கரும்பு.

அம்மா சிரித்த முகத்தோடு வாங்குவாள். கரும்பு எனக்கு. பொங்கல் பின்வாசல் வழியாகக் கோழிகளுக்கு. "படைச்சதைத் திங்கக் கூடாது" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். வாளியை வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று கழுவித் துடைத்து, கொஞ்சம் சீனி போட்டு அனுப்புவாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை!

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், பொங்கலன்று விடிந்ததும் கரும்புக்கு அவசரப்பட்டு ஆச்சி வீட்டு முற்றத்துக்கே போய்விட்டேன். கோலத்துக்கு நடுவில் பெரிய பானை, கழுத்தில் மஞ்சள்குலை கட்டியிருந்தது. சற்றுத் தள்ளி மூன்று செங்கல் வைத்து இன்னொரு அடுப்பு. அதில் ஒரு சின்னப் பானை, குலையும் இல்லை, குங்குமமும் இல்லை. அது எதற்கு என்று கேட்டேன்.

"அது உங்களுக்குலே. நீங்க படைச்சது சாப்பிட மாட்டீயள்லா. அதான் தனியா வைக்கேன். சாமிக்குக் காட்ட மாட்டேன்."

"எப்பவுமா?"

"உங்க அம்மை கல்யாணமாகி வந்ததுல இருந்து."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அடுப்படி நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பண்டிகை நாளில், அத்தனை வேலைக்கு நடுவில், நம் மனச்சாட்சிக்காக ஒருத்தி தனியாக அடுப்பு மூட்டியிருக்கிறாள். நாம் வருடா வருடம் கோழிக்குக் கொட்டியிருக்கிறோம். அந்த வருடம்தான் முதன்முதலாக அந்தப் பொங்கலைச் சாப்பிட்டோம். ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்.

அன்று ராத்திரி ஜெபத்தில் அப்பா வேதத்தில் அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதின முதல் கடிதத்தை, கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தை, எடுத்தார். கோயிலில் படைத்த இறைச்சி கடைக்கும் விருந்துக்கும் வருகிற ஊர் கொரிந்து. சாப்பிடலாமா கூடாதா என்று சபைக்குள்ளேயே சண்டை. பவுல் 8ஆம் அதிகாரத்திலும் 10ஆம் அதிகாரத்திலும் சொல்வதைச் சுருக்கினால்: விக்கிரகம் ஒன்றுமில்லை, கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடு; ஆனால் 'இது படைத்தது' என்று ஒருவன் சொன்னால் சாப்பிடாதே, உன் மனச்சாட்சிக்காக அல்ல, அவனுடைய மனச்சாட்சிக்காக. சட்டம் தேடிப் போகிறவனுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். அவர் பேசுவது உணவைப் பற்றியே அல்ல, அடுத்தவன் மனசைப் பற்றி. அப்பா வாசித்துவிட்டு, "இதை நாம படிச்சோம், ஆச்சி செஞ்சிட்டா" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம்தான் அம்மாவுக்கு இன்னொன்று உறைத்தது. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஆச்சி வீட்டுக்கு ஒரு தட்டு அச்சுமுறுக்கு போகும். எங்கள் வீட்டு மாவில் முட்டை உண்டு. அதை அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்க அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த டிசம்பரில் புது எண்ணெய் ஊற்றி, முட்டை சேர்க்காமல் முதல் ஈடு ஆச்சிக்கு எடுத்து வைத்தாள். அச்சை விட்டுக் கழலாமல் பாதி உடைந்துபோனது. உடைந்ததைத்தான் அனுப்பினோம்.

கொடுப்பதில் நாங்கள் என்றைக்கும் சளைத்ததில்லை. வீட்டில் சமைக்கும்போது சபைக்கென்று ஒரு கைப்பிடி அரிசி, பிடியரிசி, எடுத்து வைப்போம். எங்கள் சபைக் கோயில் பண்டிகைக்கு அசனம் என்கிற பொது விருந்து போட்டால் சாதி, மதம் பார்க்காமல் ஊரே வந்து சாப்பிடும். கொடுக்கிறவன் கை மேலே இருப்பதால் அது சுலபம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதை மனசார வாங்குவதில்தான் நம் தாழ்மை வெளுத்துப்போகிறது. இயேசு சீஷர்களின் காலைக் கழுவ வந்தபோது, பேதுருவும் முதலில் தன் காலைக் கழுவ விட மாட்டேன் என்றுதானே அடம்பிடித்தார்?

சரி, ஏற்றுக்கொள்வதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சபைக்குள்ளேயே நாம் ஒழுங்காகச் செய்ததில்லை. எங்கள் மாவட்டத்து வடக்கன்குளத்தில் ஒரே கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதி பிரித்து உட்கார வைத்த சுவர் இருந்தது, 1910இல்தான் இடித்தார்கள். இன்றைக்கும் நம் கல்யாண விளம்பரங்களில் ஞானஸ்நானத்துக்குப் பக்கத்திலேயே சாதியும் நிற்கிறது. அதனால் ஜனவரி பிறந்ததும் 'பொங்கலைத் தொடாதே' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சாப்பிடாமல் இருப்பது உங்கள் மனச்சாட்சி, அதில் எனக்குச் சண்டை இல்லை. கொடுத்தவர் முகத்தைப் பார்த்தீர்களா என்பதுதான் என் கேள்வி.

ஆச்சிக்கு வயதாகி முட்டுவலி வந்த பிறகு, அம்மாவே சுவரோரம் போய், "தனிப் பானை எல்லாம் எதுக்கு, இனிமே பெரிய பானையிலயே எங்களுக்கும் எடுத்துருங்க" என்று சொன்னாள். ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் பாஸ்டரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஆச்சி சொன்னது இது: "உங்க சாமி ஒண்ணும் சொல்ல மாட்டாருட்டி. உங்க ஐயருதான் சத்தம் போடுவாரு."