பியானோவைப் போனோடு இணைக்க என்ன வயர் வாங்குவது?

கேள்வி இதுதான்: "வீட்டில் ஒரு டிஜிட்டல் பியானோ இருக்கிறது. அதைப் போனோடும் லப்டொப்போடும் இணைக்க என்ன வாங்க வேண்டும்? கடைகளில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். ஆளுக்கொன்று சொன்னதையெல்லாம் நம்பி, சொன்ன சாமானையெல்லாம் வாங்கி, மூன்று கிழமை அலைந்தவன் நான்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. யாரோ பாவித்த பியானோவாக இருக்கும். கையேடு வந்திருக்காது. பிள்ளை வகுப்புக்குப் போகும். ரீச்சர் ஏதோ ஒரு செயலியின் பெயரைச் சொல்லி, "வீட்டில் இதில் பழகட்டும்" என்றிருப்பார். இல்லையென்றாலும் பரவாயில்லை, பதில் மாறப்போவதில்லை.

பியானோவின் பின்பக்கம் டோர்ச் அடித்துப் பாருங்கள். கிட்டத்தட்டச் சதுரமாக, மேல் மூலை இரண்டையும் சீவி விட்டதுபோல ஒரு துளை இருந்தால், பக்கத்தில் 'யூஎஸ்பி டூ ஹோஸ்ட்' என்று எழுதியிருந்தால், உங்களுக்கு வேண்டியது பிரிண்டர் வயர். கடையிலும் அப்படியே கேளுங்கள், பியானோ என்ற சொல்லை வாயில் எடுக்கவே வேண்டாம். எடுத்தால் விலை கூடும். வயரின் மறுமுனை லப்டொப்பில் நேராகப் போகும். போனுக்கென்றால் நடுவில் ஓடிஜி துண்டு ஒன்று வேண்டும், அதாவது போனின் சார்ஜர் துளையில் யூஎஸ்பி வயரைப் பூட்ட உதவும் சின்ன அடப்டர். சில பியானோக்களில் சதுரத் துளைக்குப் பதிலாக, பழைய போன் சார்ஜர் போகிற அந்தச் சின்ன மைக்ரோ யூஎஸ்பி இருக்கும். அதற்கு அந்த வயர். 'டூ டிவைஸ்' என்று எழுதிய தட்டையான துளையில் லப்டொப்பைக் கொடுக்கப் பார்க்காதீர்கள், அது பென் டிரைவுக்கு.

அவசரக்காரர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு என் கதை.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் கொமியூனிகேஷன் கடை வைத்திருப்பவன். போட்டோகொப்பி, பிரிண்ட், லமினேட்டிங், விசா விண்ணப்பம் நிரப்புவது, இதுதான் தொழில். சங்கீதம் எனக்குத் தெரியாது. 2021 இல், டொலர் 200 ரூபாயாக இருந்த காலத்தில், ஊரை விட்டுப் போகும் ஒரு குடும்பத்திடம் மகளுக்காக ஒரு யமஹா பி-45 டிஜிட்டல் பியானோ வாங்கினேன். அடுத்த வருடம் டொலர் 360 ஐத் தொட்டபோது, வாழ்க்கையில் சரியான நேரத்தில் வாங்கிய ஒரே சாமான் இதுதான் என்று மனைவி சொன்னாள். அதே வருடம் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் அது மேசை விரிப்போடு கிடந்த நாளில் வேறு மாதிரியும் சொன்னாள்.

ரீச்சர் சொன்ன செயலியைப் போனில் இறக்கினோம். அது போனின் மைக் வழியாகக் கேட்டு, பிள்ளை சரியான கட்டையை அழுத்தினாளா என்று சொல்லும். நல்ல ஏற்பாடுதான், வீடு அமைதியாக இருந்தால். எங்கள் தொடர்மாடி கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறது. ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ரயில் ஹோர்ன் அடிக்க, செயலி அதையும் ஒரு சுரமாக எடுத்துக்கொண்டு பிழை போட்டது. மகள் அழுதாள். வயர் போட்டால் மைக் தேவையில்லை என்று ரீச்சர் சொன்னார். என்ன வயர் என்று அவருக்கும் தெரியவில்லை.

100 ஆம் இலக்க பஸ் பிடித்துப் புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடை. "நானா, பியானோவைப் போனுக்குக் கொடுக்கிற வயர் இருக்கா?"

"இருக்கு தம்பி, மிடி வயர். எல்லாரும் இதைத்தான் கொண்டு போறாங்க."

ஒரு பக்கம் யூஎஸ்பி, நடுவில் லைட் எரியும் சின்னப் பெட்டி, மறுபக்கம் ஐந்து ஊசி கொண்ட வட்டத் தலை இரண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் எங்கள் பியானோவில் வட்டத் துளையே இல்லை. நானா பொய் சொல்லவில்லை. இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி என்ற முறை 1983 இல் வந்தபோது அந்த ஐந்து ஊசித் தலைதான் அதன் அடையாளம், பழைய கீபோர்ட்களுக்கு இன்றும் அதுதான் வேண்டும். ஆனால் என்ன பியானோ, பின்னால் என்ன துளை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திருப்பி எடுக்க மாட்டோம் என்பது மட்டும் பில்லில் சிவப்பு மையில் அச்சடித்திருந்தது.

இரண்டாவதாக ஹெட்போன் வயர். ஒரு பக்கம் தடித்த 6.3 மில்லிமீற்றர் தலை, மறுபக்கம் சாதாரண 3.5. பியானோவின் ஹெட்போன் துளையிலிருந்து லப்டொப்பின் மைக் துளைக்குக் கொடுத்தேன். கொடுத்ததும் பியானோ ஊமையாகிவிட்டது, ஹெட்போன் போட்டதாக அது நினைத்துக்கொண்டது. லப்டொப்பில் சத்தம் பதிவானது, கூடவே "ங்ங்ங்" என்று ஒரு இரைச்சலும். சார்ஜரைக் கழற்றினால் இரைச்சல் நின்றது. ஆனால் எந்தக் கட்டையை அழுத்தினாள் என்று லப்டொப்புக்குத் தெரியவில்லை.

பிறகு மனைவியின் தம்பி ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் வந்தார். "அத்தான், ஓடியோ இன்டர்பேஸ் ஒண்டு வாங்குங்கோ, இல்லாட்டி சரிவராது. அங்க கிடைக்காதுதானே, நான் அனுப்பட்டா?" இந்த "அங்க கிடைக்காதுதானே" எனக்குப் பிடிக்காத வசனம். கொழும்பில் கிடைக்காதது என்று ஒன்றுமில்லை, கையில் காசு இல்லாததுதான் பிரச்சினை. அவர் சொன்ன பெட்டி பாடகரின் மைக்கையும் கிற்றாரையும் லப்டொப்பில் பதிவு செய்யத் தேவைப்படும், பிழையான பொருள் அல்ல. எங்கள் வேலைக்கு அது தேவையே இல்லை.

விடை கடையில் இருந்தது. ஒரு சனிக்கிழமை கடதாசி சிக்கி, பிரிண்டரை முன்னால் இழுத்தேன். பின்னால் அந்தச் சதுரத் தலை. எத்தனையோ வருடமாக நான் கழற்றிப் பூட்டும் தலை. அப்படியே கழற்றி, காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள், கடைப் பையன் என்ன சொல்லிச் சமாளித்தானோ தெரியாது. கச்சிதமாகப் போய்ப் பூட்டியது. மகள் ஒரு கட்டையை அழுத்த, திரையில் அதே கட்டை நிறம் மாறியது. ரயில் போனது. செயலி வாயைத் திறக்கவில்லை.

அந்த வயரில் போவது சத்தம் அல்ல என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு ஒன்றின் போட்டோகொப்பியைக் கொண்டுவந்து, "பெயரில ஒரு எழுத்துப் பிழை, திருத்தித் தாங்கோ" என்பார்கள். கொப்பியில் எப்படித் திருத்துவது? டைப் செய்த கோப்பு இருந்தால் ஒரு நிமிட வேலை. ஹெட்போன் வயரில் போவது போட்டோகொப்பி. யூஎஸ்பி வழியாகப் போகும் மிடி, டைப் செய்த கோப்பு. "60 ஆம் இலக்கக் கட்டை, இவ்வளவு பலத்தோடு அழுத்தப்பட்டது, இப்போது விடப்பட்டது" என்று மட்டும் போகும். 60 என்பது நடு சி. பலம் 1 முதல் 127 வரை. அதனால்தான் செயலியால் பிழை பிடிக்க முடிகிறது, மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருளில் வாசிக்க வாசிக்கச் சுரக்குறி விழுகிறது. இசை படித்தவர்கள் இந்த உவமையில் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். பிடியுங்கள், எனக்கு இது போதும்.

அதே யூஎஸ்பியில் சத்தத்தையும் சேர்த்து அனுப்பும் பியானோக்களும் உண்டு, யமஹாவின் பி-125 அப்படி. எங்கள் பி-45 மிடி மட்டும்தான். அதில் வாசிப்பதை வீடியோவுக்கு நல்ல சத்தமாகப் பதிய வேண்டுமென்றால் அந்த ஹெட்போன் வயர் உதவும். ஆகவே அந்தக் காசு வீணில்லை என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போனில் இணைக்கும்போது என்னைப் படுத்தியவை சில. ஓடிஜி துண்டு போன் பக்கம்தான் வர வேண்டும். சில போன்களில் அமைப்புகளுக்குள் ஓடிஜி என்று தனிச் சுவிட்ச் இருக்கும், கொஞ்ச நேரம் பாவிக்காவிட்டால் தானாக அணைந்துவிடும். முதலில் பியானோவை ஒன் பண்ணி, வயரைப் பூட்டி, அப்புறம் செயலியைத் திறப்பது நல்லது. சில மலிவு வயர்கள் சார்ஜ் மட்டும் செய்யும், தகவல் கடத்தும் கம்பியே உள்ளே இருக்காது. அதைச் சந்தேகப்படாமல் நான் ஒரு முழு மாலை போனைத் திட்டினேன். ஐபோன்காரருக்கு, 2023 இல் வந்த 15 முதல் டைப்-சி என்பதால் வேலை சுலபம். அதற்கு முந்தியவற்றுக்கு லைட்னிங் கமரா அடப்டர் என்று கேளுங்கள். கமராவுக்கு என்று பெயர் இருப்பதைப் பார்த்து விட்டுவிட வேண்டாம், அதேதான். கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் வயரைத் துளையில் நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள், உப்புக் காற்று தலையைப் பச்சையாக்கிவிடும்.

விண்டோஸ் லப்டொப் வழமையாகப் பியானோவைத் தானாகக் கண்டுகொள்ளும். கண்டுகொண்ட பிறகு வேறு கூத்து. ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு சத்தம்: ஒன்று பியானோவில், ஒன்று கொஞ்சம் பிந்தி லப்டொப்பில். லப்டொப்பின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பியானோவின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு, திரையை மட்டும் பார்ப்பது என் வழி. போனிலும் அப்படியே. லப்டொப்பின் சத்தம்தான் வேண்டும் என்பவர்கள் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டால் பிந்துவது வெகுவாகக் குறையும். பிறகு பியானோவில் 'லோக்கல் கண்ட்ரோல்' என்பதை ஓஃப் செய்ய வேண்டும், அப்போது கட்டையை அழுத்தினாலும் பியானோ தானாகச் சத்தம் போடாது. நான் அதை ஓஃப் செய்து பார்த்து, மறந்துபோய், வயரைக் கழற்றிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். மத்தியானம் மகள் போன் எடுத்தாள்: "அப்பா, பியானோ செத்துப் போச்சு." எந்தக் கட்டையை அழுத்தியும் சத்தமில்லை. திருத்துபவரைக் கூப்பிட இருந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது.

புளூடூத் பற்றிக் கேட்பீர்கள். பி-45 இல் இல்லை. இருக்கும் பியானோக்களிலும் இரண்டு வகை உண்டு, மிடி புளூடூத் வேறு, ஓடியோ புளூடூத் வேறு. ரோலண்ட் எஃப்பி-10 இல் மிடி மட்டும், எஃப்பி-30எக்ஸ் இல் இரண்டும். மிடி மட்டும் இருப்பதில் போன் பாட்டைப் பியானோ ஸ்பீக்கரில் போட முடியாது. மிடி புளூடூத்தைப் போனின் புளூடூத் பட்டியலுக்குள் போய் இணைக்க வேண்டாம், செயலிக்குள் இருந்தே இணையுங்கள். என் தங்கை வீட்டில் அந்த ஒரு பிழையால் இரண்டு நாள் போனது.

புளூடூத் ஹெட்போனில் வாசிக்கவும் முயல வேண்டாம். புளூடூத் இல்லாத பியானோவுக்கு அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். அதையும் வாங்கினேன். மகள் சொன்னது: "நான் அடிச்சு முடிச்ச பிறகுதான் கேக்குது." வயர் ஹெட்போன்தான் சரி.

ஹெட்போன் ஏன் தேவைப்பட்டது என்றால், எங்கள் தொடர்மாடி முகாமைத்துவக் குழு. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதத்தான் போகிறேன். மாலை ஏழு மணிக்குப் பிள்ளை அரை மணித்தியாலம் பழகுவது இடைஞ்சல் என்று கதவுக்கடியில் கடிதம் போட்டார்கள், கையெழுத்தில்லாமல். மேல் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டைல்ஸ் வெட்டுகிறார்கள், நாலு மாதமாக. அதற்குக் கடிதமில்லை, வெட்டுகிறவரே குழுவில் இருக்கிறார். தண்ணீர் மோட்டரின் சத்தம் பற்றி நான் கொடுத்த முறைப்பாடு எங்கே என்று கேட்டால், கோப்பில் இருக்கிறதாம். அந்தக் கோப்பும் என் கடையில்தான் போட்டோகொப்பி எடுக்கப்படுகிறது, கடனுக்கு.

சரி. "இவ்வளவுக்கும் ஒரு ஐபேட் வாங்கியிருந்தால் முடிந்திருக்கும்" என்று யாரோ கீழே எழுதுவார்கள். அவர்கள் வாங்கிக்கொடுத்தால் மறுக்க மாட்டேன்.

கேள்வி கேட்டவருக்கு: பியானோவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், மொடல் இலக்கம் தெரியும்படி. சொல்கிறேன். அதுவரை புறக்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டாம்.