கிச்சன்ல மிச்சமாகறத தண்ணில வெச்சா நிஜமாவே காய்கறி வருமா?

வீடியோல காட்டறாங்களே, கேரட் தலைய தண்ணில வெச்சா கேரட், வெங்காய அடிய வெச்சா வெங்காயம்னு, அதெல்லாம் உண்மையா இல்ல வ்யூஸுக்காக பண்றதா, ஜன்னல் ஓரத்துல வெச்சா வருமான்னு கேட்டிருக்கீங்க. இலை வரும், கிழங்கு வராது. கேரட்டே அந்தச் செடியோட ஆணிவேர்தான், அத நறுக்கி சாம்பார்ல போட்டாச்சுன்னா மறுபடி இன்னொரு ஆணிவேர் எங்கேருந்து வரும், மேல கொஞ்சம் தழை வரும் அவ்வளவுதான். அதுக்காக மொத்தமும் டூப்புன்னு ஒதுக்கிடாதீங்க, அதுக்குத்தான் இந்த பதில எழுதறேன்.

நீங்களும் வாடகை வீட்டுலதான் இருப்பீங்கன்னு நினைக்கறேன். மொட்டை மாடி கைல இருக்கறவங்க ஜன்னல் ஓரத்த பத்தி கேக்க மாட்டாங்க. நாங்க சென்னைல ரெண்டாவது மாடில இருக்கோம், மாடில ஒரு தொட்டி வைக்கறேன்னு கேட்டதுக்கு ஹவுஸ் ஓனர் அம்மா தளம் ஒழுகும்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. அட்வான்ஸ் மட்டும் 10 மாச வாடகை. 2017-ல வந்த வாடகைச் சட்டத்துல 3 மாசத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு இருக்கு, ஆனா ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கிட்டா அது செல்லும்னும் அதே இடத்துல இருக்கு, அப்புறம் எந்த ஓனர் 3 மாசத்துக்கு சம்மதிப்பாரு சொல்லுங்க. காலி பண்ணும்போது பெயின்ட் காசுன்னு அதுலயும் ஒரு மாசத்த புடிச்சுக்குவாங்க. சரி அத விடுங்க.

எங்க கிச்சன் ஜன்னல் கிழக்கு பார்த்தது, பத்து மணி வரைக்கும் வெயில் இருக்கும், கம்பிக்கும் மேடைக்கும் நடுவுல ஒரு சாண் இடம். அங்கதான் புதினா. துவையலுக்கு இலைய கிள்ளினதும் தடிச்ச தண்ட தூக்கிப் போடாம, கீழ ரெண்டு மூணு கணுவுல இருக்கற இலைய உருவிட்டு டம்ளர்ல நிறுத்துங்க, ஒரு வாரத்துல அந்தக் கணுவுல இருந்தே நூல் மாதிரி வெள்ளையா வேர் இறங்கும். அப்புறம் ஓட்டை போட்ட தயிர் டப்பால மண் போட்டு மாத்திடணும், தண்ணிலயே விட்டா சத்து பத்தாம வெளுத்துடும். முளைச்ச பூண்டு, கூடையில கிடந்து முளை விட்ட சின்ன வெங்காயம் ரெண்டையும் நேரா மண்ணுல குத்தி வெச்சிடலாம், அந்தத் தாள நறுக்கி முட்டைப் பொரியல்ல போட்டா எங்க வீட்டுல சண்டையே வரும்.

எங்க அத்தைக்கு ஒட்டன்சத்திரம் பக்கம், லாரி லாரியா காய் ஏத்தற ஊரு. வந்து பார்த்துட்டு "இதுக்குப் பேரு வெள்ளாமையா கண்ணு"ன்னாங்க, எனக்கு சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு சாயங்காலமே பொன்னாங்கண்ணி ஆய்ஞ்ச தண்டுல முத்துனதா நாலு பொறுக்கி, கணு மண்ணுக்குள்ள போற மாதிரி சாய்ச்சு வெச்சதும் அவங்கதான், அரிசி களைஞ்ச தண்ணிய ஊத்த சொன்னதும் அவங்கதான். இப்போ ஊர்லேருந்து போன் பண்ணினா பேரனுக்கு அடுத்து அதத்தான் விசாரிக்கறாங்க.

இதுல எவ்வளவு மிச்சம் புடிச்சேன்னு கணக்கு கேக்கறவங்க கேப்பாங்க. மிச்சம் புடிக்க பண்ணலைங்க. மண்ணே இல்லாத வீட்டுல வளர்ற என் பையன் கீரை எங்கேருந்து வருதுன்னு கண்ணால பாக்கறான், எனக்கு அது போதும்.

ஆனா தண்ணி விஷயத்துல ஜாக்கிரதை. டெங்கு பரப்பற ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரி டம்ளர் தண்ணியே போதும், முட்டைய தண்ணி மட்டத்துக்கு மேல ஓரத்துல ஒட்டி வெச்சிடும், அதனால தண்ணிய கொட்டிட்டு புதுசா ஊத்தினா மட்டும் போகாது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ டம்ளர் உள்பக்கத்த நார் போட்டு தேய்ச்சு கழுவுங்க, வேர் கொழகொழன்னு ஆகாம இருக்கறதுக்கும் அதுதான் வழி.

கருவேப்பிலை குச்சி தண்ணில லேசுல வேர் விடாது, அதுக்கு மெனக்கெடாதீங்க. இஞ்சி முளை விட்டா மண்ணுல வைக்கலாம், கிழங்கு தோண்ட 8 மாசத்துக்கு மேல ஆகும். உருளைக்கிழங்கு முளைச்சு தழை விட்டுச்சுன்னா பச்சையா அழகாத்தான் இருக்கும், அத மட்டும் கீரைன்னு நினைச்சு சமைச்சிடாதீங்க, விஷம்.