இரண்டு படங்களைக் கழித்தால் வெடித்த விண்மீன் கிடைக்குமா?

கேள்வி: நான் இயற்பியல் மாணவி. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன என்கிறார்கள். வீட்டிலிருந்தே அவற்றில் சூப்பர்நோவாவை, அதாவது வெடித்த விண்மீனை, தேட முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாகத் தேடலாம். வெப், ஹபிள் இரண்டின் பதிவுகளும் மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் இருக்கின்றன. சில உடனே கிடைக்கும்; சில, ஆய்வுக் குழுவுக்கான ஒதுக்கீட்டுக் காலம் முடிந்ததும் வரும். அழகுபடுத்திய வண்ணப் படங்கள் இதற்கு உதவாது. ஃபிட்ஸ் (FITS) கோப்புகளைத்தான் பதிவிறக்க வேண்டும். அவற்றில் ஒவ்வொரு பிக்சலும் அளந்து எழுதிய ஓர் எண்.

ஒரே இடத்தை, ஒரே ஃபில்டரில் (குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் விடும் வடிப்பான்), வேறு வேறு காலத்தில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, புதியதிலிருந்து பழையதைக் கழியுங்கள். மாறாதவை எல்லாம் மறைந்துவிடும். மிஞ்சுவதுதான் நமக்கு வேண்டியது.

சொல்வதற்கு எளிது. முதல் தடவை செய்யும்போது திரை முழுக்கப் புள்ளிகளாகத்தான் தெரியும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு என்று இரட்டையாக நின்றால் படம் அரை பிக்சல் விலகியிருக்கிறது என்று பொருள், மறுபடி பொருத்துங்கள். பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி வெப் காட்டும் கூர்முனைகள் இன்னொரு தொல்லை. வெயில்மறைப்பு எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்க வேண்டும் என்பதால், மாதங்கள் நகர நகர தொலைநோக்கியின் கோணமும் திரும்பும். முனைகளும் கூடவே திரும்பும். அதனால் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியுள்ள படங்களைத் தேர்ந்தெடுங்கள். கோணம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும்.

கேலக்ஸியின் நட்டநடுவில் ஒளி கூடிக் குறைந்தால், பெரும்பாலும் அது கருந்துளையின் வேலை. ஓரத்தில், பல ஃபில்டர்களில், ஒரே இடத்தில் புள்ளி நின்றால் ஆவலோடு பாருங்கள். கறுப்புப் புள்ளியையும் விட்டுவிடாதீர்கள். பழைய படத்தில் எரிந்து புதியதில் அணைந்த விண்மீன் அப்படித்தான் தெரியும். பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இதற்கு வெப் பார்க்கும் அகச்சிவப்பு ஒளி ஏன் வேண்டும்? விரியும் அண்டம் ஒளியின் அலைநீளத்தை இழுத்துவிடுகிறது. இந்த இழுப்பின் அளவுதான் செம்பெயர்ச்சி. செம்பெயர்ச்சி 3 என்றால் அலைநீளம் 4 மடங்கு: அரை மைக்ரானில் கிளம்பிய, கண்ணுக்குத் தெரியும் ஒளி 2 மைக்ரானில் அகச்சிவப்பாக வந்து சேரும். காலமும் அதே அளவு நீளும். அங்கே 20 நாளில் ஏறும் பிரகாசம் நமக்கு 80 நாள். இவ்வளவு நிதானமாக மாறும் ஒன்றைப் பிடிக்க இடைவெளி நீளமாக இருப்பதே நல்லது.

வெப் மூலம் தொலைதூரக் கேலக்ஸிகளை ஆராயும் ஜேட்ஸ் (JADES) குழு 2022, 2023 ஆண்டுப் படங்களை ஒப்பிட்டு, வானத்தின் ஒரு துளி இடத்தில் சுமார் 80 வெடிப்புகளைக் கண்டது. அண்டத்துக்கு 180 கோடி வயதே ஆகியிருந்தபோது வெடித்த ஒன்றும் அதில் உண்டு. அதே படங்களை எடுத்து, அவர்கள் வெளியிட்ட ஒன்றிரண்டை நீங்களே மறுபடி பிடித்துப் பாருங்கள். கைக்கு வந்ததும் வானத்தின் புதிய பகுதிகளுக்குப் போகலாம்.

சரி, புதிதாக ஒன்று கிடைத்தால்? இப்படிப் புதிதாகத் தோன்றுபவற்றைப் பதியும் டிரான்சியன்ட் நேம் சர்வர் என்ற இணையத்தளத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆயத்தொலைவுகள், தேதி, ஃபில்டர், பிரகாசம் எல்லாவற்றையும் கொடுத்துப் பதிவிடுங்கள். முதலில் ஏடி (AT) என்ற முன்னொட்டோடுதான் பெயர் வரும். நிறமாலை எடுத்து சூப்பர்நோவா என்று உறுதிசெய்த பிறகே அது எஸ்என் (SN) ஆகும்.