அரசுப் பள்ளி ஆய்வகத்துக்கு அறக்கட்டளைப் பணம்: கேள்வி பதில்

அரசுப் பள்ளிகளின் அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு நிதி திரட்டிச் செலவழிக்கும் முன்னாள் மாணவர் சங்கங்கள், சிறு அறக்கட்டளைகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கான பகுதி இது. வரி தொடர்பான பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி தரப்பட்டுள்ளன. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், எண்களை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சார், எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு 6 லட்சம் திரட்டியிருக்கிறோம். பாதிப் பேர் ஸ்மார்ட் போர்டு என்கிறார்கள், மீதிப் பேர் ரோபாட்டிக்ஸ் லேப் என்கிறார்கள். எது சரி? (சங்கச் செயலாளர், சிவகங்கை மாவட்டம்)

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பிளஸ் டூ இயற்பியல், வேதியியல் செய்முறைப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போங்கள். ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சோதனைக்கும் "இதை இன்றைக்கே செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கும், சோடியம் விளக்கு எரியாது. விளக்கு நன்றாக இருக்கும், அதற்கான டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும். மீட்டர் பிரிட்ஜ் இருக்கும், அதன் கம்பியைத் தொட்டு அளக்கும் ஜாக்கி இருக்காது. சில ஆயிரத்தில் உயிர் பெறக்கூடிய கருவிகள் பூட்டிய பீரோவில் கிடக்க, நீங்கள் புதிதாக லட்சங்களைக் கொட்ட வேண்டியதில்லை.

அடுத்து எண்ணிக்கை. 40 பேருக்கு ஒரே கருவி என்றால் ஒருவர் செய்வார், 39 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். 20 பேராகப் பிரித்து, நான்கு பேருக்கு ஒன்று என்று ஐந்து செட் வைப்பதுதான் குறைந்தபட்சம்.

மேசையில் கவனம் வேண்டும். வேதியியல் மேசைக்குக் கடப்பா கல் போடாதீர்கள். அது சுண்ணாம்புக் கல் வகை. அமிலம் சிந்தினால் பொங்கும், அரிக்கும். கருப்பு கிரானைட் போடுங்கள். இயற்பியல் பக்கம் இரும்பு மேசை கூடாது. டேஞ்சன்ட் கால்வனாமீட்டரின் காந்த ஊசியை அந்த இரும்பே திருப்பிவிடும், மாணவர் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் விடை தப்பாக வரும்.

என் கணக்கில் உங்கள் 6 லட்சம்: கருவிகளுக்கு இரண்டரை. மேசை, சிங்க், தண்ணீர்க் குழாய், வயரிங் எல்லாம் சேர்த்து ஒன்றே கால். மூன்று வருட ரசாயனம், கண்ணாடிச் சாமான்களுக்கு ஒன்றே கால். பழுது பார்க்கவும் ஆசிரியர் பயிற்சிக்கும் ஒரு லட்சம். திறப்பு விழாவுக்குப் பிறகான செலவு முதல் நாளே வங்கியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் திட்டத்தையே சிறிதாக்குங்கள்.

கடைசியாக, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், தலைமையாசிரியரின் கடிதம், இருப்புப் பதிவேட்டில் பதிவு மூன்றும் இல்லாமல் ஒரு பீக்கரைக்கூட உள்ளே வைக்காதீர்கள். பதிவேட்டில் ஏறாத பொருளுக்கு யாரும் பொறுப்பில்லை. உடைந்தால் கணக்கிலிருந்து கழிக்கவும் முடியாது, பழுது பார்க்கவும் முடியாது. தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனால் பொருளும் காணாமல் போகும்.

எங்களிடம் 12ஏ (அறக்கட்டளை வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் அனுமதி) இரண்டும் இருக்கின்றன. நன்கொடையாளருக்கு ரசீது கொடுத்தால் போதுமா? (பொருளாளர், ஈரோடு)

போதாது. ஒரு நிதியாண்டில் வந்த நன்கொடைகளை, அது முடிந்து வரும் மே 31க்குள் 10பிடி படிவத்தில் வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து, 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழை அவருக்குத் தர வேண்டும். அது இல்லாமல் அவருக்கு விலக்கு கிடைக்காது. தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய், அதற்கு மேல் 10,000 முதல் 1 லட்சம் வரை அபராதத்துக்கும் இடமுண்டு. பணம் வாங்கும்போதே பான் எண்ணையும் முகவரியையும் வாங்கிவிடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வந்தால் 80ஜி கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடையாது. இதை நன்கொடை கேட்கும்போதே சொல்லிவிடுவது மரியாதை.

சங்கத்தை இன்னும் பதிவே செய்யவில்லை. ஆனால் பணம் தர ஆள் தயார். (முன்னாள் மாணவர், அறந்தாங்கி)

பதிவு முடியும் வரை வாங்காதீர்கள். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" இணையதளத்தில் உங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்து அவரே நேரடியாகத் தரட்டும்.

அமெரிக்காவில் இருக்கும் வகுப்புத் தோழர்கள் 10 லட்சம் தருகிறார்கள். வாங்கலாமா? (அறங்காவலர், காரைக்குடி)

அவர்கள் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால், எங்கே வேலை பார்த்தாலும், வங்கி வழியாக அனுப்பும் சொந்தப் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் தொடக்கூடாது. பதிவு கேட்க, அமைப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்கில்தான் இறங்கும்.

இரண்டு குறுக்கு வழிகளைப் பலர் யோசிக்கிறார்கள். பதிவுள்ள இன்னொரு அறக்கட்டளை வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவது ஒன்று. 2020 திருத்தத்துக்குப் பிறகு அது தடை. பணத்துக்குப் பதில் லேப்டாப்பாக அனுப்புவது இன்னொன்று. பொருளும் நன்கொடைதான்.

ரோபாட்டிக்ஸ் கிட் 20 வாங்கினோம். ஆறே மாதத்தில் ஒன்றும் ஓடவில்லை. ஏன்? (தன்னார்வலர், திருப்பூர்)

பெரும்பாலும் பேட்டரி. கிட்டோடு வரும் சதுர 9 வோல்ட் பேட்டரியால் இரண்டு மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தர முடியாது. மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் சரிந்து, கிட்டை இயக்கும் ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகும். பிள்ளைகள் புரோகிராமில் தப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆறு ஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லும் ஒரு சார்ஜரும் கொடுங்கள். மோட்டாரை இயக்கும் எல்298என் டிரைவர் போர்டு சுமார் 2 வோல்ட்டை விழுங்கினாலும் மோட்டாருக்கு 5 வோல்ட் மிஞ்சும். பாதுகாப்புச் சுற்று இல்லாத 18650 லித்தியம் செல்களைச் சிறு வகுப்புகளுக்குத் தராதீர்கள்.

அடுத்தது கணினியில் நிறுவும் டிரைவர் மென்பொருள். விலை குறைந்த போர்டுகளில், யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைக்கும் சிஎச்340 சிப் இருக்கும். அதற்கான டிரைவரை நிறுவ, கணினியின் அட்மின் பாஸ்வேர்டு தேவைப்படலாம். பள்ளியில் அது யாரிடமும் இருக்காது. 20 வாங்கும் முன் ஒன்றை வாங்கி, அந்தப் பள்ளிக் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். ஒயரும் சென்சாரும் தேயும் பொருள்கள். இங்கேயும் அதே விதி: வருடா வருடம் ஆகும் செலவை முதல் நாளே ஒதுக்குங்கள்.

80ஜி ரசீதில் பான் எண் கட்டாயமா?

மேலே ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

எங்கள் அறங்காவலர் ஒருவரே ஆய்வகப் பொருள் கடை வைத்திருக்கிறார். விலை குறைத்துத் தருகிறேன் என்கிறார். (தலைவர், சேலம்)

சட்டம் முழுதாகத் தடுக்கவில்லை. ஆனால் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்ததாகத் தெரிந்தால் வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் வரிவிலக்கே கேள்விக்குள்ளாகும். மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். முடிவெடுக்கும்போது அவர் கூட்டத்தை விட்டு வெளியே இருக்க வேண்டும், அது மினிட்ஸில் பதிவாக வேண்டும். என் யோசனை: அவரிடம் வாங்க வேண்டாம். தரம் பார்க்க அவர் அறிவைப் பயன்படுத்துங்கள்.

ஒரே நன்கொடையாளர் 20 லட்சம் தருகிறார். முழுவதையும் மூலதன நிதியாகப் போட்டு வட்டியில் நடத்தினால் என்றைக்கும் நிற்கும் அல்லவா? (அறங்காவலர், கோவை)

நிற்கும், ஆனால் தேயும். 7 சதவீதம் என்றால் வருடம் 1.4 லட்சம். வரிவிலக்கு நிற்க, அதில் 85 சதவீதத்தைச் செலவழித்தாக வேண்டும். திரும்ப மூலதனத்தில் சேர்ப்பது 21,000, அதாவது 1.05 சதவீதம். விலைவாசி 5 சதவீதம் ஏறினால், சுமார் 18 வருடத்தில் உங்கள் வட்டியின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். ஆறேழு வருடத்தில் திட்டமிட்டுச் செலவழிப்பதே மேல் என்பேன்.

ஏற்க மாட்டேன் சார். கையில் பணம் இருந்தால் அடுத்து வரும் நிர்வாகிகள் இரண்டே வருடத்தில் கட்டடமாகக் கட்டி முடித்துவிடுவார்கள். வட்டி குறைவாக இருந்தாலும் வருடா வருடம் வரும் என்ற உறுதிதான் பள்ளிக்கு வேண்டும். (ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மதுரை)

உறுதி வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ரசாயனம் இந்த வருடம் வந்து அடுத்த வருடம் வராவிட்டால், ஆசிரியர் செய்முறையைத் திட்டமிடுவதையே விட்டுவிடுவார். ஆனால் முழுவதையும் பூட்டினால், இன்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு மிகக் குறைவாகத்தான் போய்ச் சேரும். பிரித்துப் பாருங்கள்: 8 லட்சம் மூலதனத்தில். வட்டி 56,000, ரசாயனத்துக்கும் கண்ணாடிக்கும் மட்டும். மீதி 12 லட்சம், வருடம் 2 லட்சம் வீதம் ஆறு வருடத்துக்கு. கட்டடத்துக்குச் செலவழிக்கக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

அப்படிப் பிரிக்க நன்கொடையாளர் ஒப்புக்கொள்ள வேண்டுமே? (அதே மதுரை வாசகர்)

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். "இது மூலதன நிதிக்கு" என்று அவர் எழுதித் தந்த தொகை மட்டுமே மூலதனம். கடிதம் இல்லையென்றால் அது அந்த வருட வருமானம், 85 சதவீத விதிக்குள் வந்துவிடும். எனவே 8 லட்சத்துக்கு ஒரு கடிதம், 12 லட்சத்துக்கு வருடவாரியாகச் செலவழிக்கும் திட்டத்தோடு இன்னொரு கடிதம். அந்த 12 லட்சத்தை ஒரே தவணையில் வாங்காமல் வருடம் 2 லட்சமாகவே வாங்கிவிட்டால், படிவம் 10 போட்டு ஐந்து வருடம் சேர்த்து வைக்கும் சிக்கலே வராது. மூலதனத்தை வங்கி வைப்பு, அஞ்சலகம் போன்ற அனுமதித்த இடங்களில்தான் போடலாம். சீட்டுக் கம்பெனியிலோ தெரிந்தவரிடம் வட்டிக்கோ விடக்கூடாது.

அந்த 2 லட்சத்தில் ஆய்வக உதவியாளர் ஒருவரை வைக்கலாமா? (ஆசிரியை, திண்டுக்கல்)

இருக்கிற செலவுகளிலேயே மிகவும் பயன் தருவது அதுதான் மேடம். கரைசல் தயாரித்து, கண்ணாடி கழுவி, கருவி எடுத்து வைக்க ஆள் இருந்தால் வாரம் ஒரு செய்முறை நடக்கும். அறக்கட்டளை நேரடியாக நியமிக்க வேண்டாம். தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகத் தற்காலிகமாக வையுங்கள்.

நீட் பயிற்சிக்கு நிதி தரலாமா?

நான் பதில் சொல்லும் துறை அதுவல்ல.

சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) பணம் எப்படிக் கிடைக்கும்? (இளைஞர் மன்றம், ஓசூர்)

12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர் பணம் வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு, மூன்று வருடச் செயல்பாட்டுக்கான கணக்கு. நான்கும் தயாரான பிறகு கம்பெனி வாசலுக்குப் போங்கள். பள்ளியின் தேவைப் பட்டியல் தலைமையாசிரியர் கையெழுத்தோடு இருக்கட்டும்.

பொருளாளரின் ஜிபேயில் வாங்கி அப்புறம் மாற்றிக்கொள்ளலாமா?

கூடாது. ஒரு நாளுக்கும் கூடாது. அறக்கட்டளைக் கணக்கின் க்யூஆர் அட்டையை வங்கியே தரும்.

80ஜி... 10பிடியை ஆடிட்டர் இல்லாமல் நாங்களே போடலாமா? (பொருளாளர், நாகர்கோவில்)

80ஜி பற்றி இன்னொரு கேள்வி. ஆனால் இது புதியது. போடலாம். வருமான வரித் தளத்தில் அறக்கட்டளையின் பான் எண்ணில் நுழைந்து, எக்ஸெல் மாதிரியை இறக்கி, ஒரு நன்கொடையாளருக்கு ஒரு வரி நிரப்புங்கள்: அடையாள எண், பெயர், முகவரி, நன்கொடை வகை, பணம் வந்த வழி, தொகை. பெயர் பான் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். நன்கொடை வகையில், மூலதனக் கடிதம் இருப்பதை மட்டும் மூலதனம் என்று காட்டுங்கள். சிஎஸ்வியாகச் சேமித்து ஏற்றி, டிஜிட்டல் கையெழுத்தோ ஓடிபியோ கொடுத்து முடித்தால், ஒரு நாள் கழித்து 10பிஇ சான்றிதழ்களை இறக்கலாம். மே 31 அன்று தளம் திணறும், 20ஆம் தேதிக்குள் முடித்துவிடுங்கள்.