குலுக்கினால் ஒரு பக்கம் போகுமா?

கேள்வி: கண்ணாடி மாதிரி ஒழுங்கில்லாத பொருட்களுக்குள் துணிக்கைகள் ஒன்றையொன்று நெருக்கிச் சிக்கிக் கிடக்கும் என்று ரியூஷனில் சொன்னார்கள். ஒரு பக்கமாக இழுக்காமல், முன்னும் பின்னும் சமமாக ஆட்டியே அவற்றை ஒரே திசையில் நகர்த்த முடியுமா?
– உயர்தர மாணவி, சுன்னாகம்

பதில்: முடியும் பிள்ளை, ஆனால் ஒழுங்கின்மை மட்டும் போதாது. துணிக்கைகளின் வழியை மறிக்கும் மேடும் பள்ளமும் எழுந்தமானமாகச் சிதறிக் கிடந்தால் சராசரியில் இடமும் வலமும் ஒன்றுதான், எவ்வளவு ஆட்டினாலும் துணிக்கைக் கூட்டம் எங்கேயும் போய்ச்சேராது. ஒவ்வொரு மேடும் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். சைக்கிள் பிறீவீலுக்குள் இருக்கும் சரிந்த பற்கள் இதைத்தான் செய்கின்றன: பெடலை முன்னும் பின்னும் மிதித்தாலும் சில்லு முன்னுக்கு மட்டும்தான் உந்தப்படும்.

அப்புறம், வெளியிலிருந்து சக்தி வந்துகொண்டே இருக்க வேண்டும். வெறும் வெப்ப அதிர்வில் இந்தப் பல்சக்கரம் வேலை செய்யாது என்று இயற்பியலாளர் ரிச்சர்ட் பைன்மன் 1962இல் தன் விரிவுரையில் விளக்கினார். பற்களைத் தடுக்கும் கொளுக்கியும் அதே வெப்பநிலையில் துள்ளுவதால் சக்கரம் முன்னே போகும் அளவுக்குப் பின்னேயும் வழுக்கிவிடும்.

ஆட்டும் விசையும் முக்கியம். மிகக் குறைந்தால் எதுவும் அசையாது, மிகக் கூடினால் செங்குத்துப் பக்கத்தையும் தாண்டி இரண்டு பக்கமும் ஓடும். இடைப்பட்ட அளவில்தான் திசை கிடைக்கும். கண்ணாடித்தன்மையுள்ள பொருளில் இந்த அளவு இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரு கூட்டம் நகரும்போது பக்கத்துக் கூட்டம் அப்படியே நிற்கும், பிறகு திடீரென்று சேர்ந்து பாயும்.

எனக்கு மிகவும் பிடித்தது இனி வருவது. துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளும்போது திசையே தலைகீழாகலாம். 2003இல் ஆய்வாளர்கள் சிலர் நிக்கல் முக்கோணங்களை அடுக்கி அதன்மேல் நையோபியம் மீகடத்திப் (கடுங்குளிரில் தடையில்லாமல் மின்னைக் கடத்தும் பொருள்) படலத்தைப் படியவைத்து, அதற்குள் காந்தப்புலம் நூல்போல் நுழையும் காந்தச் சுழல்களை, திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்ட மின்னால் ஆட்டிப் பார்த்தார்கள். இங்கே துணிக்கைகள் இந்தச் சுழல்கள்தான், அவற்றைப் பிடித்து வைப்பவை முக்கோணங்கள். முக்கோணம் ஒன்றுக்கு மூன்று சுழல் வரை ஒரு பக்கமாகப் போயின. அதற்கு மேலே சேர்ந்தவை முக்கோணத்தில் இடமில்லாமல் இடைவெளிகளில் தங்கின. ஏற்கெனவே சிக்கியிருந்த சுழல்கள் தள்ளிய தள்ளில் அவற்றுக்கு மேடுகளின் சரிவு மறுபக்கமாக அமைந்தது, அவை எதிர்த்திசையில் போயின. அங்கே முக்கோணங்கள் ஒழுங்கான வரிசையில் இருந்தன என்பதையும் சொல்லவேண்டும். எழுந்தமானமாகச் சிதறிய தடைகளில் சுழல்கள் கண்ணாடிபோல் உறைந்துவிடும், அப்போது சிறிய விசைக்கு அவை ஊரத்தான் செய்யும். நீங்கள் ஓமின் விதிக்கு வரையும் நேர்கோடு அங்கே வராது, விசை குறையக் குறைய வேகம் அதைவிடப் பலமடங்கு விரைவாகச் சரிந்துவிடும்.