மலர் மருந்தும் மருத்துவரோட அசதியும்

அக்கா, நான் ஈரோடு பக்கம் அக்குபஞ்சர் பாக்கறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனா பிள்ளைகிட்ட பேசக்கூட தெம்பு இருக்கறதில்ல. வர்றவங்க கஷ்டம் நம்ம மேல ஒட்டிக்கும்னு சொல்லி ஒரு சீனியர் வால்நட் மலர் மருந்து எடுத்துக்கச் சொன்னாங்க, எடுத்துட்டுதான் இருக்கேன், கேக்குதா இல்லையான்னே தெரியல. நீங்க என்ன நினைக்கறீங்க?
– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

மொதல்ல மருந்த பத்தி சொல்லிடறேன். இந்த மலர் மருந்து மொத்தம் 38, எல்லாமே இங்கிலாந்து டாக்டர் எட்வர்ட் பாட்ச் உருவாக்கினது, அதுல பெரும்பாலானத அவர் 1930ல லண்டன் பிராக்டிஸ விட்டுட்டு கிராமத்துப் பக்கம் போனப்புறம்தான் உருவாக்கினார். நீங்க எடுக்கற வால்நட்ட, பூவோட இளங்கொழுந்தையும் சேத்து அரை மணி நேரம் தண்ணில கொதிக்க வச்சு, வடிகட்டி, சரிபாதி பிராந்தி கலந்து, அதுல ரெண்டு சொட்டு எடுத்து 30 மில்லி பிராந்தில விடுவாங்க, அந்த பாட்டில்தான் கடைக்கு வருது. பூவோட சத்துன்னு அதுல பெருசா எதுவும் மிஞ்சாது. 2010ல மாற்று மருத்துவத்த ஆராய்ஞ்ச எட்சார்ட் எர்ன்ஸ்ட்ங்கறவர் அதுவரைக்கும் நடந்த ஆய்வுகள தொகுத்துப் பாத்தப்போ வெறும் டம்மி சொட்டு குடுத்தவங்களுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியலைன்னுதான் வந்துச்சு. அதனால சொட்டுதான் உங்கள காப்பாத்தும்னு என்னால சொல்ல முடியாதும்மா.

ஆனா பாட்ச் மனுஷங்கள பாத்த விதம் இருக்கே, அத நான் ரொம்ப மதிக்கறேன். சென்டாரிங்கற இன்னொரு மலர் மருந்து எந்த மாதிரி ஆளுங்களுக்குன்னு அவர் சொன்னத படிச்சுப் பாருங்க, அடுத்தவங்களுக்கு செய்யணும்னு அவ்ளோ ஆசை, முடியாதுன்னு சொல்ல வாய் வராது, தன் சக்திக்கு மீறி செஞ்சு செஞ்சு கடைசில வேலைக்காரங்க மாதிரி ஆயிடுவாங்க, தன்னோட சொந்த வேலை அப்படியே கிடக்கும். ஓக் மரத்துப் பூவுல செய்யற மருந்துக்கு சொன்னது, ஒடஞ்சு போனாலும் நிறுத்தாம போராடறவங்க. நம்ம ஊர் வைத்தியம் பாக்கற பொண்ணுங்க பாதி பேர் இந்த ரெண்டுலயும் இருக்காங்க. உங்க சீனியர் வெளில இருந்து வர்றத தடுக்க வால்நட் சொல்லிருக்காங்க, எனக்கென்னமோ உங்க கடிதத்துல சென்டாரிதான் தெரியுது.

எனக்கு இதுல ஒரே பயம், ஓக் ஆளுங்க கைல பாட்டில் கெடச்சா அத போட்டுக்கிட்டு இன்னும் நாலு பேர பாப்பாங்க. அசதி வந்தா ஒடம்பு போதும்னு சொல்லுது, அத சொட்டு விட்டு வாய மூட வைக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்புல வலிக்குதுன்னு வர்ற மெசேஜுக்கு காலைல பதில் சொல்லுங்க, ஒருத்தர் எழுந்து போனதும் அடுத்தவர கூப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க, வாரத்துல ஒரு மத்தியானம் கடைய சாத்துங்க, காசு கொறையும், தெரியும், ஆனாலும் சாத்துங்க.

மருந்து மனசுக்கு தெம்பா இருந்தா எடுத்துக்கங்க, பிராந்தி கலந்ததுங்கறதால குழந்தை கைக்கு எட்டாம வைங்க. தூக்கம் வராம, அழுகையா வந்து, வாரக்கணக்கா அப்படியே இருந்தா மட்டும் தள்ளிப்போடாம ஒரு மனநல டாக்டர பாருங்க, வைத்தியம் பாக்கறவங்களும் போய் பாக்கலாம்மா.

அன்புடன்,
அக்கா